ஏரோப்ளேன் களம்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது இல்லை. ஒரு டீயும் ரெண்டு பஜ்ஜியும் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் கிடைத்தது. பஜ்ஜியைக்கூட கதை சொன்னவர்தான் வாங்கிக் கொடுத்தார். என் யோக்கியதை இவ்வளவுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பகலில் நான் பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஒன்றிய ஆபீஸில் குமாஸ்தா. எந்த ஒன்றியம் என்று கேட்காதீர்கள், இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. சாயங்காலமானால் கதை எழுதுவேன். என் கதைகளில் மழை பெய்யாது, பெய்தால் நிற்காது. கடைசிப் பக்கத்தில் யாராவது ஒருத்தர் செத்துப்போவார், இல்லையென்றால் பஸ் ஏறிப் போய்விடுவார். பத்திரிகைக்காரர்களும் பாவம், போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன வருஷம், எண்பத்தெட்டு மாசியில், கொளஞ்சியம்மாள் ஆபீஸுக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயசு. அரியலூர் ரோட்டிலிருந்து உள்ளே போனால் கல்லங்காடு, அந்த ஊர்க்காரர். [வரைபடத்தில் தேட வேண்டாம், பெயரை மாற்றிவிட்டேன்.] அந்த ஊரில் கதிர் அடிக்க நல்ல சிமென்ட் களம் ஒன்று இருக்கிறது. அதை எங்கள் ஒன்றியம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்துக்கு ஒரு யோசனை. ஊர் சார்பாகச் சம்மதம் சொல்லத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தோம்.

"சம்மதம் இல்லீங்க சார்," என்றார் வந்ததும் வராததுமாக.

"ஏம்மா? நம்ம ஒன்றியம்தானே?"

"நம்ம ஒன்றியத்துல காசு ஏதுங்க? தெருலைட்டு கேட்டா அடுத்த பட்ஜெட்டுங்கிறீங்க. பைப்பு கேட்டா அதுக்கும் அடுத்த பட்ஜெட்டுங்கிறீங்க. எங்க களம் ஏரோப்ளேன் கணக்குல இருக்கு. எங்க விரிசல் விட்டாலும் அவங்களே வந்து பூசிக் குடுத்துட்டுப் போறாங்க. அது ஏரோப்ளேன் களமாவே இருந்துட்டுப் போவட்டும்."

எனக்குப் புரையேறிவிட்டது. பட்ஜெட் எழுதி எழுதியே தலை நரைத்தவன் நான். விமானத்தளத்து நிதியில் வரகு அடிக்கிற ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை. பைலை மூடி வைத்துவிட்டு அவரை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

2

இனி தொடக்கம் எழுத வேண்டும். மூன்று எழுதினேன், மூன்றையும் பாருங்கள்.

"வானத்திலிருந்து ஓர் இரும்புப் பறவை இறங்கி வருமென்று அந்தக் குக்கிராமம் கனவிலும்..."

[சீ. இரும்புப் பறவையாம், குக்கிராமமாம். எழுதின கையில் நாலு போட வேண்டும்.]

"அரியலூர் வட்டாரத்தில் சிறு விமானங்கள் இறங்கிச் செல்ல ஏதுவாக ஒரு தளம் அமைத்திட உத்தரவிடப்பட்டு, அதற்கான தொகை கீழ்க்காணும் தலைப்புகளில் ஒதுக்கீடு..."

[இது என் பகல் வேலை. ஆனாலும் அடிக்காமல் விடுகிறேன், பின்னால் தேவைப்படும்.]

மூன்றாவது நான் எழுதியது இல்லை. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொளஞ்சியம்மாள் சொன்னது:

"எங்க களத்தை எடுத்துக்கிட்டாங்க சார்."

இதற்கு மேல் நல்ல தொடக்கம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. இங்கிருந்து தொடங்குகிறேன்.

3

கல்லங்காட்டுக் கீழத்தெருவில் இருபது வீடு இருக்கும். எல்லாரும் ஒரு காலத்தில் மேலத்தெருப் பெரிய பண்ணையில் கூலிக்கு நின்றவர்கள். அப்புறம் கல்லுடைக்கப் போனார்கள், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார்கள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று மானாவாரி நிலம் வாங்கினார்கள். வரகு விதைத்தார்கள். நிலம் சொந்தம். களம் மட்டும் புறம்போக்கு. ஊருக்குத் தெற்கே பாறையோடு பாறையாகக் கிடந்த மேடு அது. யார் பெயரிலும் இல்லாததால் எல்லாருக்கும் ஆகிவந்த இடம்.

விமானத்தளத்துக்கு அளந்தபோது அந்த மேடும் உள்ளே போய்விட்டது. பட்டா நிலத்துக்கெல்லாம் இழப்பீடு வந்தது. களத்துக்கு யார் பெயரில் கொடுப்பது? பெயர் இல்லை, அதனால் இழப்பீடும் இல்லை.

இந்த இடத்தில் பட்ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் நினைக்கிற மாதிரி அது கணக்கு இல்லை, சார். அது கதை. அடுத்த வருஷம் என்ன நடக்கும் என்று இந்த வருஷமே உட்கார்ந்து எழுதுகிறோமே, அதற்கு வேறு என்ன பெயர்? யாரைப் பற்றி எழுதவில்லையோ அவர் அந்த வருஷம் முழுக்க இருக்கவே மாட்டார். அந்த விமானத்தளத்து பட்ஜெட்டில் தார் இருந்தது. முள்வேலி இருந்தது. பெரிய மனிதர்கள் உட்கார ஓர் அறை, அறை வாசலுக்குக் குரோட்டன்ஸ் தொட்டிகள், தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள், எல்லாம் இருந்தது. 'சுற்றுப்புற கிராமங்கள்' என்றுகூட ஒரு தலைப்பு இருந்தது. அதற்கு எதிரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் கோடு என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

கொளஞ்சியம்மாள் போய்க் கேட்டிருக்கிறார். தளத்துக்குப் பொறுப்பாக இருந்த எஞ்சினியர் அழகேசன் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "அதுக்கு நிதி ஒதுக்கலையேம்மா" என்றாராம்.

"பூந்தொட்டிக்கு ஒதுக்கியிருக்கே தம்பி?"

"அது எஸ்டிமேட்லயே இருக்கும்மா."

4

எண்பத்திரண்டு தை மாசம். வரகு அறுத்துக் கட்டுக்கட்டாக வீட்டு வாசலில் கிடக்கிறது. வானம் மூட்டம் போடுகிறது. ஒரு மழை பெய்தால் அத்தனை வீட்டு வருஷச் சோறும் முளைவிட்டுப் போகும்.

ஊரில் இருக்கிற இன்னொரு களம் மேலத்தெருப் பண்ணையுடையது. அங்கிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்: தாராளமாக வந்து அடித்துக்கொள்ளலாம், நாலில் ஒரு பங்கு கொடுத்துவிட வேண்டும், பெண்கள் முன்னே மாதிரி தொழுவத்தையும் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

"பங்கு கேட்டதுகூடப் பொறுத்துக்கிட்டேன் சார்," என்றார் கொளஞ்சியம்மாள். "தொழுவத்தைக் கூட்டச் சொன்னாங்க பாருங்க. அங்க எங்கம்மா கூட்டுனுச்சு. நான் சின்னதுல கூட்டுனேன். எம்மவ கூட்ட மாட்டா. அவ்வளவுதான்."

இந்தக் கதையில் என்ன பெரிய விஷயம் என்று யாராவது கேட்டால் இந்த நாலு வரியைக் காட்டுங்கள். கொளஞ்சியம்மாள் இதை இரண்டாவது பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

5

ஓடுதளத்துக்குத் தார் போட்டு முடித்திருந்தார்கள். கருகருவென்று, மேடு பள்ளம் இல்லாமல், பாய் விரித்த மாதிரி. இன்னும் தெற்குப் பக்கம் வேலி கட்டவில்லை.

நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அரியலூர், பெரம்பலூர் ரோட்டில் போனால் கதிரையும் தட்டையையும் ரோட்டில் பரப்பி வைத்திருப்போம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிப் போகும், மணி தானாக உதிரும். டிரைவர்கள் திட்டுவார்கள். ஆனாலும் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள்.

கீழத்தெருப் பெண்கள் ஒரு நாள் விடியற்காலைக் கருக்கலில் கட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போய், ஓடுதளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வரகுக் கதிரைப் பரப்பிவிட்டார்கள். பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

அன்றைக்குத்தான் முதல் விமானம் வருகிற நாள்.

"ஏரோப்ளேனுக்கும் சக்கரம் இருக்கும்ல சார்? லாரி மாதிரி ஏறிட்டுப் போவும்னு நெனைச்சோம்," என்றார். "தார் போட்டிருக்கு, நடுவுல வெள்ளைக் கோடு போட்டிருக்கு. ரோடுன்னுதானே நெனைப்போம்? அது என்னைக்கு வரும்னு எங்களுக்கு என்ன தெரியும்?"

நான் நம்பினேன். நீங்களும் இப்போதைக்கு நம்புங்கள்.

தளத்து வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், மைக் செட்டு, மாலையோடு அதிகாரிகள். அலங்கார மும்முரத்தில் ஓடுதளத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. விமானம் வந்தது. கீழே ஓடுதளம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு வயல் தெரிகிறது, ஓரத்தில் இருபது பெண்கள் எழுந்து நின்று வாங்க வாங்க என்று கையை ஆட்டுகிறார்கள். அது ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று சுற்றியது. அப்படியே திருச்சி பக்கம் திரும்பிப் போய்விட்டது. உள்ளே இருந்த பெரிய அதிகாரி நாளைக் காலையில் வருகிறேன், அதற்குள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

6

அழகேசனை முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: "கறுப்புக் கண்ணாடிக்குள் ஈவிரக்கமற்ற விழிகள். ஏழைகளைக் கண்டாலே..."

கல்லங்காட்டுக்கே போய் அதைப் படித்துக் காட்டினேன். கொளஞ்சியம்மாள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"அந்தத் தம்பி கண்ணாடியே போடாதே சார். ஒல்லியா, பயந்த சுபாவமா இருக்கும். அதை ஏன் இப்படிக் கரிச்சுக் கொட்டுறீங்க?"

"கதைக்கு ஒரு கெட்டவன் வேணும்மா."

"வேணும்னா உங்க ஆபீஸ்லேர்ந்து யாரையாவது போட்டுக்குங்க."

ஆகவே திருத்தி எழுதுகிறேன். ஒல்லியான, கண்ணாடி போடாத, பயந்த சுபாவமுள்ள அழகேசன் ஷூக்காலோடு ஓடுதளத்துக்குள் ஓடிவந்தார். அவர் பின்னால் ஜீப் டிரைவர் உத்திராபதி.

"என்னம்மா இது! என் வேலையே போயிடும்மா!"

"தம்பி, செருப்பைக் கழட்டுங்க."

"என்னது?"

"களத்துல நிக்கிறீங்க. செருப்பைக் கழட்டிட்டு நின்னு பேசுங்க."

அழகேசன் திரும்பிப் பார்த்தார். டிரைவர் உத்திராபதி திருமழபாடிக்காரர், கொள்ளிடக் கரையில் நெல் அடித்து வளர்ந்தவர். அவர் எப்போதோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். வேலையாட்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு நின்றார்கள். அழகேசன் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். தை மாசத்து வெயில்தான், ஆனாலும் புதுத் தார். இந்தக் காலும் அந்தக் காலுமாக மாறி மாறிக் குதித்தாராம். அந்த நிமிஷத்திலேயே அது களம் ஆகிவிட்டது சார். நான் எழுதிய எந்த உத்தரவாலும் ஓர் இடம் இவ்வளவு சீக்கிரம் இன்னோர் இடமாக மாறியதில்லை.

"சரி, வாரிக்கிட்டுப் போங்க. ஆள் தரேன்," என்றார்.

யாரும் அசையவில்லை. உத்திராபதிதான் மெதுவாகச் சொன்னார்: "சார், பரப்புன கதிரை அடிக்காம வாரக்கூடாதுங்க. அடுத்த வெள்ளாமைக்கு ஆகாது. எங்க ஆளுங்க யாரும் கை வைக்க மாட்டாங்க. நானும் வைக்க மாட்டேன்."

7

இப்போது முடிவுகள். இங்கேதான் எனக்கும் கொளஞ்சியம்மாளுக்கும் சண்டை.

முடிவு அ: போலீஸ் வருகிறது. தடியடி. சிதறிய வரகு மணிகளின் மேல் ஒரு துளி ரத்தம்...

["போலீஸே வரலைங்க சார். யாரு ரத்தம் அது?"]

முடிவு ஆ: மழை வருகிறது. வரகு நனைகிறது. கொளஞ்சியம்மாளின் மகள் தொழுவத்தை நோக்கி, கையில் துடைப்பத்தோடு, தலை குனிந்தபடி...

[இதைப் படித்துக் காட்டியதும் எழுந்தே விட்டார். "எம்மவ மலர்க்கொடி இப்ப அரியலூர்ல நர்ஸ் வேலை பாக்கிறா. அவளைத் தொழுவத்துக்கு அனுப்புற வேலையெல்லாம் வேணாம். என்னைய அழ வைக்கணும்னு உங்களுக்கு என்ன சார் அப்படியொரு ஆசை?"]

நியாயமான கேள்வி. தோற்றவர்களை எழுத எனக்குக் கை ஓடும். ஜெயித்தவர்களை எழுத உட்கார்ந்தால் பேனா நொண்டுகிறது, நாலு பேர் சிரிப்பார்களே என்று கூச்சம் வருகிறது. கூச்சம் என்ன வேண்டிக்கிடக்கிறது! அவர்கள் ஜெயித்தார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

முடிவு இ: அடிக்காமல் வாரக்கூடாது என்றால் அடித்துவிட வேண்டியதுதானே? அழகேசன் வானத்தைப் பார்த்தார், வரகைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.

"உத்திராபதி, வண்டியை எடு."

சர்க்கார் ஜீப் வரகில் ஏறியது. பின்னாலேயே தண்ணீர் லாரி. மாலை வாங்கிக்கொண்டு வந்த இரண்டு அம்பாசிடர் காரும் வந்தன. அந்த முனைக்குப் போவதும் இந்த முனைக்குத் திரும்புவதுமாக மதியம் முழுக்க ஓட்டினார்கள். வண்டி போனதும் பெண்கள் இறங்கித் தட்டையைப் புரட்டிப் போடுவார்கள். யாரோ மைக் செட்டுக்காரனை "நிறுத்தாதடா, பாட்டைப் போடு" என்று அதட்ட, விமானத்தை வரவேற்க வைத்திருந்த பாட்டெல்லாம் வரகுக்குப் பாடியது. ஒரு தடவை அழகேசனே ஜீப்பை ஓட்டினார். வெறுங்காலோடு.

சாயங்காலம் தூற்ற வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. விமானம் இறங்கும்போது காற்றின் திசை காட்ட உயரத்தில் நீளத் துணிப்பை ஒன்று கட்டியிருந்தார்கள், அது காற்றில் உப்பி அழகாகத் தெற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பெண்களும் அதை அண்ணாந்து பார்த்து முறத்தைத் தூக்கினார்கள். தூசு அந்தப் பக்கம் பறக்க, வரகு காலடியில் விழுந்தது. பொழுது சாய்வதற்குள் குவியல் குவியலாக இருபது குவியல். நாலில் ஒரு பங்கு யாருக்கும் போகவில்லை.

மறுநாள் விமானம் இறங்கியது. பெரிய அதிகாரி இறங்கிவந்தார், மாலையை வாங்கக்கூட இல்லை. அழகேசனைத் திட்டிய திட்டை எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள். திட்டிவிட்டு, ஓரத்தில் நின்ற கொளஞ்சியம்மாளிடம் திரும்பினார்.

"இந்த வருஷம் தெரியாம செஞ்சிட்டீங்க. போவட்டும். அடுத்த வருஷம் எங்க அடிப்பீங்கம்மா?"

"இங்கதாங்க."

"இங்கயா?"

"வரகு வருஷா வருஷம் விளையுதுங்களே."

அப்போதுதான் நம் பயந்த அழகேசன் தொண்டையைச் செருமினார். "சார், ஓடுதளத் தடை நீக்கம்னு ஒரு தலைப்பு இருக்கு. பனைமரம் வெட்ட ஒதுக்கினது. அவ்வளவு மரம் இல்லை, பணம் மீந்துபோச்சு. மார்ச்சுக்குள்ள செலவழிக்கலேன்னா திரும்பிப் போயிடும்."

"அதுக்கு?"

"வரகும் தடைதானே சார். அதை நிரந்தரமா நீக்கணும்னா வேலிக்கு வெளியில ஒரு களம் கட்டிக் கொடுத்துடலாம். பராமரிப்பும் அதே தலைப்புல வந்துடும். களம் கெட்டுப்போச்சுன்னா தடை திரும்ப உள்ள வந்துடும் சார்."

[இதைக் கேட்டபோது டீக்கடை என்றும் பாராமல் மேஜையில் தட்டினேன். டீ கொட்டிவிட்டது. இத்தனை வருஷம் மார்ச் மாசத்தை நம்பியே பிழைக்கிறேன், எனக்கு இப்படி ஒன்று தோன்றியதே இல்லையே!]

மார்ச்சுக்குள் களம் கட்டி முடிந்தது. ஓடுதளத்துக்குக் கல் போட்ட அதே ஆட்கள், அரியலூர் சிமென்ட், அதே கனம். மேலத்தெருப் பண்ணையிலிருந்து இப்போது வரகு அடிக்க இங்கேதான் வருகிறார்கள். பங்கு கேட்கிறீர்களா என்று கேட்டேன். "நமக்கு எதுக்குங்க அந்தப் புத்தி? செருப்பை மட்டும் கழட்டச் சொல்லுவோம்," என்றார்.

8

கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் உத்திராபதியைத் தற்செயலாகப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்தான் ஆள் தெரிந்தது. ரிட்டயர் ஆகிவிட்டார். கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்னைக்கு வரும்னு தெரியாதுன்னா சொல்லுச்சு அந்தக்கா? சார், அன்னைக்கு மைக் செட்டு யாருதுன்னு கேட்டீங்களா?"

"யாருது?"

"அரும்பாவூர் வெள்ளைச்சாமிது. அந்தக்காவோட கூடப்பிறந்த தம்பி. முதல் நாளே செட்டைக் கொண்டாந்து அக்கா வூட்டு வாசல்லதான் வச்சிருந்தான். மறுநாள் நான்தானே ஜீப்புல ஏத்திக்கிட்டு வந்தேன்."

அடிப்பாவி! அடுத்த பஸ்ஸிலேயே கல்லங்காட்டுக்குப் போனேன். களத்தில் வரகு அடி நடந்துகொண்டிருந்தது. தூரத்தில் அந்தத் துணிப்பை காற்றில் உப்பி நின்றது. கொளஞ்சியம்மாள் முறத்தோடு நடுவில் நின்றார். நான் ஓரத்திலிருந்தே கத்தினேன்.

"ஏம்மா, அன்னைக்கு ஏரோப்ளேன் வரும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அவர் முறத்தை இறக்கினார்.

"நீங்க என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"தெரியாதுன்னு எழுதியிருக்கேன்."

"படிக்கிறவங்க நம்புவாங்களா?"

"அதைத்தானே கேக்க வந்தேன்!"

அவர் சிரித்தார். சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தார், அப்புறம் என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆவேசத்தில் செருப்போடு களத்துக்குள் நாலடி வந்திருந்தேன்.

வெளியே ஓடிப்போய்க் கழற்றிவிட்டு வருவதற்குள் காற்று எழும்பிவிட்டது. எல்லாரும் தூற்றத் தொடங்கிவிட்டார்கள். என் கையிலும் ஒரு முறத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் கேட்க நேரமில்லை, உண்மையைச் சொன்னால் கேட்கத் தோன்றவும் இல்லை.

ஆகவே இந்தக் கதையில் அந்த ஒரு வரி இல்லை. தெரிந்துதான் செய்தார் என்று வைத்தாலும் சரி, தெரியாமல் செய்தார் என்று வைத்தாலும் சரி, களம் அங்கேதான் இருக்கிறது. நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்கிறவர்கள் தை மாசத்தில் கல்லங்காட்டுக்குப் போய் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.